மரத்தின் வயதும் கோயிலின் வயதும்

ஜப்பானின் இசே என்னும் ஷிந்தோ ஆலயத்துக்கு என்ன வயது என்று கேட்டால் அங்குள்ள அர்ச்சகர்கள் 1300 ஆண்டுக் கணக்குச் சொல்வார்கள். கருவறையின் தூண்கள் 2013இல் புதுப்பித்தபோது நட்டவை என்பதையும் மறைக்க மாட்டார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் அவர்களுக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

அங்கிருந்து மேற்கே போனால் நாரா மாநிலத்து இகாருகா என்ற ஊரில் ஹோர்யூஜி என்னும் பௌத்தக் கோயில் வரும். இன்றும் நின்றுகொண்டிருக்கும் மரக் கட்டடங்களில் உலகிலேயே மிகப் பழையவை இங்கேதான் உள்ளன. அதன் ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூணுக்கான மரம் எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்றுகூட ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள்: கி.பி. 594.

இந்த இரண்டில் எது பழைய கோயில்? நாம் எதைக் கோயில் என்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். மரத்தையா, மரம் கொண்டு எழுப்பிய வடிவத்தையா, உள்ளே உறைவதாக நம்பும் ஒன்றையா, தலைமுறை தலைமுறையாக விடாமல் செய்துவரும் வேலையையா? மர வளையங்களை எண்ணிக் காலம் சொல்லும் கலை பிறந்து நூறாண்டு ஆகிறது. அது இந்தக் கேள்வியைத் தீர்த்துவைக்கவில்லை. தட்டிக்கழிக்க முடியாததாக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

கோடையும் குளிரும் மாறி மாறி வரும் நாடுகளில் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். வசந்தத்தில் வேகமாக வளர்ந்த பகுதி வெளிறி அகலமாகவும், பருவத்தின் முடிவில் மெல்ல வளர்ந்த பகுதி கறுத்து அடர்த்தியாகவும் இருக்கும். மழை பொய்த்த ஆண்டின் வளையம் ஒல்லி. பெய்த ஆண்டின் வளையம் தடிமன். ஒரு வட்டாரத்து மரங்கள் எல்லாம் ஒரே வறட்சியைப் பார்த்தவை ஆதலால், ஒல்லியும் தடிமனுமான அந்த வரிசை எல்லா மரங்களிலும் ஏறத்தாழ ஒத்துப்போகும். இன்று வெட்டிய மரத்தின் உள்வளையங்கள், போன நூற்றாண்டு வீட்டு உத்தரத்தின் வெளிவளையங்களோடு பொருந்தும். அந்த உத்தரத்தின் உள்வளையங்கள் அதற்கும் முந்தைய ஒரு தூணோடு பொருந்தும். இப்படிக் கோத்துக்கொண்டே போனால் இன்று நிற்கும் எந்த மரமும் முளைத்திராத காலத்துக்கும் ஒரு மர நாட்காட்டி கிடைத்துவிடும்.

இதைத் தொடங்கிவைத்த ஆண்ட்ரூ எலிகாட் டக்ளஸ் வானியலாளர். சூரியப் புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சி மரத்தில் தடம் விட்டிருக்கிறதா என்று பார்க்கக் காட்டுக்குப் போனவர். போன இடத்தில் அமெரிக்கப் பழங்குடிகளின் கைவிடப்பட்ட ஊர்களுக்குத் தேதி சொல்லும் வழி கிடைத்துவிட்டது. அவரிடம் இரண்டு வளைய வரிசைகள் இருந்தன. ஒன்று நிகழ்காலத்திலிருந்து பின்னோக்கிப் போனது. மற்றொன்று பழைய இடிபாடுகளின் மரங்களைக் கொண்டு கோத்தது, எந்த ஆண்டோடும் ஒட்டாமல் அந்தரத்தில் நின்றது. 1929 ஜூனில் அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில் கரிந்துபோன ஓர் உத்தரத் துண்டு கிடைத்தது. எச்.எச்.39 என்று எண்ணிட்ட அந்தத் துண்டு இரண்டு வரிசைகளையும் இணைத்தது. ப்யூப்ளோ பொனிட்டோ, மேசா வெர்டி முதலிய இடங்களுக்கு அதன் பிறகுதான் உறுதியான ஆண்டுகள் கிடைத்தன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைசி வளையம் சொல்வது மரம் செத்த ஆண்டை. வீடு கட்டிய ஆண்டை அது சொல்வதில்லை. அதையும் பட்டையை ஒட்டிய கடைசி வளையம் இருந்தால்தான் சொல்ல முடியும். தச்சர்கள் பொதுவாக வெளியே உள்ள வெள்ளைப் பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டு வைரம் பாய்ந்த உட்பகுதியைத்தான் தூணாக்குவார்கள். அப்படிச் செதுக்கிய தூணிடம், நீ எந்த ஆண்டுக்கு முன்னால் வெட்டப்பட்டிருக்க முடியாது என்று மட்டும்தான் கேட்கலாம்.

இந்தக் கணக்கு புனிதக் கதைகளோடு மோதாமல் இருக்குமா? இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் கிரீன்ஸ்டெட் என்ற சிறு தேவாலயம் இருக்கிறது. ஓக் மரத்தை நெடுக்குவாட்டில் பிளந்து வரிசையாக நிறுத்திய சுவர்கள். புனித எட்மண்டின் உடலை 1013இல் லண்டனிலிருந்து கொண்டுபோனபோது ஓர் இரவு இங்கே வைத்திருந்தார்கள் என்பது ஊர் நம்பிக்கை. 1960களில் நடந்த வளைய ஆய்வு, சுவர் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றது, பக்தர்களுக்கு மகிழ்ச்சி. 1990களில் மறுபடி ஆய்வு செய்தபோது 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று வந்தது. எட்மண்டின் உடல் போனபோது இந்தச் சுவரின் ஓக் மரங்கள் இன்னும் காட்டில் நின்றுகொண்டிருந்தன. வின்செஸ்டர் கோட்டைக் கூடத்தில் தொங்கும் ஆர்தர் மன்னரின் வட்டமேசை 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்தது என்று ஆனதும் இந்த வகைதான்.

இப்படிப்பட்ட இடங்களில் நம்பிக்கைக்காக வருந்த வேண்டியதில்லை. ஒரு கதை ஆண்டைக் குறிப்பிட்டுப் பேசத் தொடங்கினால், ஆண்டை அளக்கும் கோலுக்கும் அது கட்டுப்பட்டாக வேண்டும். 1013 என்று சொன்னது மரம் அல்லவே.

ஹோர்யூஜியின் கதை இத்தனை எளிதாக முடியவில்லை. அங்கே மரம் யார் பக்கமும் சாட்சி சொல்லாமல் எல்லாரையும் சங்கடப்படுத்தியது.

அந்தக் கோயிலின் பொன்மண்டபத்தில் இருக்கும் மருத்துவ புத்தர் சிலையின் பின்புற ஒளிவட்டத்தில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது. நோயுற்ற யோமெய் பேரரசர் கோயில் எழுப்புவதாக வேண்டிக்கொண்டார், நிறைவேறும் முன் இறந்துபோனார், பேரரசி சுய்கோவும் இளவரசர் ஷோதோகுவும் 607இல் அந்த வேண்டுதலை நிறைவேற்றினார்கள் என்பது அதன் சாரம். ஆனால் 720இல் எழுதி முடித்த நிஹோன் ஷோகி என்ற அரச வரலாறு, 670இல் ஒரு நள்ளிரவில் தீப்பிடித்துக் கோயில் ஒரு கட்டடமும் மிஞ்சாமல் எரிந்தது என்கிறது. அப்படியானால் இன்று நிற்பது எது? ஷோதோகு கட்டியதா, தீக்குப் பின் எழுப்பியதா?

1905இல் இது பெரும் சண்டையாகவே மூண்டது. கட்டட வரலாற்றாளர் செகினோ தாதாஷி, கட்டடத்தின் அளவுகள் பழைய கொரிய அடிக்கணக்கில் அமைந்திருப்பதால் இது எரியாத மூலக் கோயில்தான் என்றார். வரலாற்றாசிரியர் கிடா சடகிச்சி, ஏட்டில் எழுதியிருப்பதைத் தள்ள முடியாது என்றார். ஒருவர் கட்டடத்தை நம்பினார், மற்றவர் எழுத்தை நம்பினார். பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. பழைய கோபுரத்தின் அடிக்கல் ஒன்று ஒரு செல்வந்தரின் தோட்டத்தில் அலங்காரமாகக் கிடந்துவிட்டு 1939இல் திரும்பி வந்தது. அதே ஆண்டு கோயில் வளாகத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். இன்றைய கோயிலுக்குத் தென்கிழக்கே, வேறு திசை பார்த்து, வேறு அமைப்பில், இன்னொரு கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டது. மூலக் கோயில் அதுதான், எரிந்ததும் அதுதான், இன்று நிற்பது பிறகு எழுப்பியது என்று பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். வழக்கு முடிந்தது போலத்தான் இருந்தது.

இதற்கிடையே 1940களில் கோபுரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பழுதுபார்க்கும் பெரும்பணி நடந்தது, 1952இல் முடிந்தது. அப்போது நடுத்தூணின் அடிப்பகுதியிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு வட்டத் துண்டை அறுத்து எடுத்திருந்தார்கள். அதை யாரும் தூக்கி எறியவில்லை. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பத்திரமாக வைத்தார்கள். அன்றைக்கு ஜப்பானில் வளையக் கணக்கே வேரூன்றவில்லை. ஈரம் மிகுந்த இந்த நாட்டு மரங்களில் அது எடுபடாது என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. நாரா தேசியப் பண்பாட்டுச் சொத்து ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மிட்சுதானி தகுமி 1980 முதல் ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்தின் வளையங்களை ஒவ்வொன்றாகக் கோத்து, கி.மு. 10ஆம் நூற்றாண்டு வரை போகும் வரிசை ஒன்றை உருவாக்கினார். 2001இல் அந்தப் பழைய வட்டத் துண்டை எக்ஸ்ரே படமெடுத்துப் பார்த்தபோது, விளிம்பில் பட்டைக்கு அடியிலிருந்த வெள்ளைப் பகுதி மிஞ்சியிருப்பது தெரிந்தது. கடைசி வளையம் 594.

தீ பிடித்தது 670இல். கோபுரம் எழுந்தது அதற்குப் பின். நடுத்தூண் மட்டும் தீக்கு 76 ஆண்டு முன்னால் வெட்டியது. கோபுரத்தின் மற்ற மரங்களோ 660, 670களில் வெட்டியவை என்று பிறகு வந்த ஆய்வு காட்டியது. பொன்மண்டபத்து உட்கூரைப் பலகைகளும் 660களின் இறுதியைச் சேர்ந்தவை, அதாவது தீக்குச் சற்று முந்தியவை. ஒரு கட்டடம், பல பிறந்த நாட்கள்.

வேறொரு கோயிலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த தூணா? எங்கோ கிடங்கில் பாடம்போட்டு வைத்திருந்த மரமா? முதல் கோயிலுக்காக வெட்டிப் பயன்படாமல் போனதா? ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. மிட்சுதானியின் வரிசையிலேயே 7ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய பகுதி 100 ஆண்டு பிசகியிருக்கிறது என்று வாதிட்டவர்களும் உண்டு. அப்படியென்றால் 594 என்பது 694 ஆகிவிடும், புதிரே மறைந்துவிடும். இதைச் சொல்லக் காரணம், வளையக் கணக்கும் வானிலிருந்து விழுந்த வாக்கு அல்ல என்பதுதான். அளந்த தரவுகளைப் பிறரும் எடுத்துச் சோதிக்க முடியும்போதுதான் அது அறிவியல். முடியாதவரை அதுவும் ஒருவர் சொல்லை ஏற்பதுதான்.

594 என்றதும் இன்னொரு பொருத்தம் பலரின் கண்ணில் பட்டது. பௌத்தத்தை நாடெங்கும் வளர்க்கும்படி பேரரசி சுய்கோ ஆணையிட்டதாக நிஹோன் ஷோகி சொல்வதும் அதே ஆண்டுதான். அந்த ஆணைக்காகவே இந்த மரம் சாய்ந்தது என்று எழுத யாருக்கும் கை துறுதுறுக்கும். எழுதாமல் இருப்பதே நேர்மை. கோடாலி பிடித்தவன் எந்த ஆணையைக் கேட்டு வெட்டினான் என்பது வளையத்தில் பதிவாவதில்லை.

சரி, அந்தத் தூண் அங்கே என்ன செய்கிறது? கோபுரம் ஏறக்குறைய 32 மீட்டர் உயரம். ஐந்து அடுக்குகளில் ஒன்றையும் நடுத்தூண் தாங்கவில்லை. உச்சியிலுள்ள உலோகக் கலசத்தை மட்டும் ஏந்திக்கொண்டு, மற்ற மரச்சட்டங்களோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. அடி முனை ஒரு காலத்தில் தரைக்குக் கீழே புதைந்து ஒரு கல்லின்மேல் இருந்தது. அந்தக் கல்லில் குடைந்த குழிக்குள், தங்க வெள்ளிப் பேழைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் குப்பியில் புத்தரின் நினைவு எச்சம் இருப்பது 1926இல் தெரியவந்தது. சாஞ்சி ஸ்தூபியின் வழிவந்த பேரப்பிள்ளைதான் இந்தக் கோபுரம். எச்சத்துக்கு மேலே ஊன்றிய அடையாளக் கம்பம்தான் நடுத்தூண். கட்டடக் கணக்கில் அது கிட்டத்தட்ட வேலையில்லாத மரம். வழிபாட்டுக் கணக்கில் கோபுரமே அதற்காகத்தான்.

அப்படியானால், சுற்றியுள்ள மரம் முழுவதும் புதிது, நடுமரம் மட்டும் பழையது என்றால் பௌத்தத் துறவிக்கு அந்தக் கோபுரத்தின் வயது என்ன? பௌத்தத்திடமே இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. மிலிந்த பஞ்ஹா என்ற பாலி நூலில் கிரேக்க அரசன் மிலிந்தனும் நாகசேனர் என்ற துறவியும் வாதிடுகிறார்கள். நீ வந்த தேர் எது, சக்கரமா, அச்சா, நுகத்தடியா என்று நாகசேனர் கேட்டுக்கொண்டே போக, எதுவுமில்லை, இவையெல்லாம் சேர்ந்த இடத்தில் வழங்கும் பெயர்தான் தேர் என்று அரசன் ஒத்துக்கொள்கிறான். மனிதனும் அப்படித்தான் என்கிறார் துறவி. அங்கே தனியாக ஒரு தேர்ப்பொருள் இல்லை என்பதால் தேர் பொய்யாகிவிடவில்லை. அரசன் அதில்தானே வந்து இறங்கினான். ஹோர்யூஜிக்கு இதைப் பொருத்தினால், கோபுரத்துக்கு ஒரே வயது வேண்டும் என்ற பிடிவாதம்தான் கழன்று விழும். தூண் 594, மேலடுக்குச் சட்டங்கள் 660, 670கள், பழுதுபார்த்த இடங்கள் அந்தந்த நூற்றாண்டு. இதற்குமேல் ஓர் உண்மையான வயது ஒளிந்திருக்கிறது என்று தேடுவது, சக்கரத்தையும் அச்சையும் கழற்றி வைத்துவிட்டுத் தேரைத் தேடுவதுதான்.

நிலையாமையைப் போதிக்கும் மதத்தின் கோயில்தான் உலகிலேயே மிகப் பழைய மரக் கட்டடத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதைக் காத்ததில் தத்துவத்தைவிடத் தச்சர்களின் பங்கு பெரிது. 20ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலின் தலைமைத் தச்சராக இருந்த நிஷியோகா சுனெகாசு (1908–1995), ஆயிரம் ஆண்டு வளர்ந்த ஹினோகி கட்டடத்திலும் ஆயிரம் ஆண்டு நிற்கும் என்ற கொள்கை உடையவர். கூரை ஓடுகளை இறக்கியதும், நூற்றாண்டுகளாகச் சுமையில் தாழ்ந்திருந்த கைமரங்கள் மெல்ல நிமிர்ந்து எழுந்ததையும், பழைய மரத்தை இழைத்தால் இன்னும் வாசம் வருவதையும் அவர் விவரித்திருக்கிறார். வெட்டிய பிறகு 200 ஆண்டு வரை ஹினோகியின் வலு கூடிக்கொண்டே போய், பின்பு மெதுவாக இறங்கி, ஆயிரம் ஆண்டு கழித்துத்தான் வெட்டிய நாளின் வலுவுக்குத் திரும்புகிறது என்பது மரவியலாளர் கோஹாரா ஜிரோவின் ஆய்வு முடிவு. மரம் இரண்டு முறை வாழ்கிறது என்ற தச்சர் நம்பிக்கைக்கு இது கிட்டத்தட்ட ஆய்வுக்கூடச் சான்றிதழ்.

1949 ஜனவரி 26 அன்று பொன்மண்டபத்தில் தீப்பிடித்தது. பழுதுபார்ப்புக்காக மேற்பகுதியை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்ததால் அது தப்பியது; கீழ்த்தளத்துச் சுவரோவியங்கள் கருகின. கரிந்த தூண்களை அவர்கள் விறகாக்கவில்லை. ஓவியச் சுவர்களோடு சேர்த்து ஒரு கிடங்கில், பழைய அமைப்பிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜப்பானின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் அடுத்த ஆண்டே வந்தது. கீழை நாட்டாருக்குப் பொருள் முக்கியமில்லை, வடிவமே முக்கியம் என்று கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கும் பேச்சை இந்தக் கரித்தூண்களுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் அதன் மேம்போக்கு புரிந்துவிடும்.

அந்தப் பேச்சுக்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுவது இசேயை. அங்கே என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

பேரரசி ஜிதோவின் காலத்தில், 690இல், முதல் முறை புதுப்பித்தார்கள். அன்று முதல் 20 ஆண்டுக்கு ஒரு முறை என்பது விதி. சூரியத் தெய்வம் அமதெராசுவின் உள் ஆலயத்துக்கும், உணவளிக்கும் தொயோஉகேவின் வெளி ஆலயத்துக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனைகள் உண்டு. ஒன்றில் ஆலயம் நிற்கும்போது மற்றது வெள்ளைக் கூழாங்கல் பரப்பிய வெற்றிடம். அதன் நடுவில் ஒரு சிறு குடில் மட்டும் நடுக்குறித் தூணை மூடிக்கொண்டு நிற்கும். தூண்களுக்கு அடிக்கல் கிடையாது, நேராக மண்ணில் ஊன்றுவார்கள், கூரை புல்வேய்ந்தது. இருபது முப்பது ஆண்டில் ஈரம் தின்னாமல் விடாது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஹினோகி மரங்கள் ஒவ்வொரு முறையும் வேண்டும். ஆடை, வாள், கண்ணாடி என்று 1,576 புனிதப் பொருள்களையும் புதிதாகச் செய்கிறார்கள். 2013 அக்டோபரில், விளக்குகளை அணைத்துவிட்டு, வெண்பட்டுத் திரை மறைப்புக்குள் தெய்வம் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குப் போனது 62ஆவது முறை.

மரம் வெட்டுவதே ஒரு வழிபாடு. கிசோ மலைக்காட்டில் தேர்ந்தெடுத்த மரத்தை ரம்பத்தால் அறுப்பதில்லை. கோடாலியால் மூன்று பக்கம் குடைந்து, மூன்று கால்களில் மரம் நிற்கும்படி விட்டு, பிறகு ஒரு காலை வெட்டிச் சாய்ப்பார்கள். சாய்ந்த மரத்தின் நுனிக் கொப்பை ஒடித்து வந்து அடிக்கட்டையின் மேல் நட்டு வணங்குவார்கள். எடோ காலத்தில் கிசோவில் திருட்டுத்தனமாக ஹினோகி வெட்டினால் ஒரு மரத்துக்கு ஒரு தலை என்பது தண்டனை. அந்தக் கெடுபிடியில் பிழைத்த மரங்கள்தான் இன்றும் இசேக்குப் போகின்றன. 1920களில் ஆலயமே தன் காட்டில் 200 ஆண்டுத் திட்டம் போட்டு நடத் தொடங்கியது. நட்டவர் யாரும் அந்த மரம் தூணாவதைப் பார்க்கப் போவதில்லை.

பிரித்த மரமும் வீணாவதில்லை. உள் ஆலயத்தின் முகட்டைத் தாங்கிய பெருந்தூண்கள் உஜிப் பாலத்தின் தோரண வாயிலாகி அங்கே 20 ஆண்டு நிற்கின்றன. அதன்பின் செகி என்ற பழைய சாலைச் சந்திப்பில் வாயிலாக இன்னும் 20 ஆண்டு. ஒரு தூணுக்கு 60 ஆண்டு ஊழியம்.

இசே பற்றிச் சொல்லும்போது பலர் விட்டுவிடுகிற செய்தி ஒன்று உண்டு. இந்தச் சங்கிலி ஒரு முறை அறுந்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய உள்நாட்டுப் போர்க்காலத்தில் 120 ஆண்டுக்கு மேல் உள் ஆலயத்தைப் புதுப்பிக்க முடியவில்லை. பணமில்லை, அரசுமில்லை. வெளி ஆலயம் 1563இலும் உள் ஆலயம் 1585இலும் மீண்டும் எழுந்தன. அதற்கு ஊர் ஊராகப் போய் நிதி திரட்டியவர்கள் கெய்கோஇன் மடத்துப் பௌத்தத் துறவினிகள். ஷிந்தோ தெய்வத்துக்கு வீடு கட்டப் பிச்சை எடுத்தது புத்தரின் பெண்கள். இடைவெளிக்குப் பிறகு சில கட்டடங்களின் இருப்பிடமும் அலங்கார விவரங்களும் மாறிவிட்டன என்று கட்டட வரலாற்றாளர்கள் காட்டியிருக்கிறார்கள். போரில் தோற்றபின் 1949இல் வர வேண்டியதும் தள்ளிப்போய் 1953இல்தான் நடந்தது.

இத்தனையும் தெரிந்தபின் இசேயின் 1300 ஆண்டு பொய்யாகிவிடுகிறதா? இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் தீர்ப்பு. இசே தன் மரத்துக்கு வயது சொல்லவில்லை. எத்தனை முறை செய்தோம் என்பதைச் சொல்கிறது. எந்த ஆண்டு செய்தோம், எப்போது செய்யத் தவறினோம் என்ற பதிவையும் வைத்திருக்கிறது. கிரீன்ஸ்டெட் கதைக்கும் இதற்கும் வேறுபாடு அங்கேதான். பழமை கொண்டாடுபவர் எதை எண்ணுகிறார் என்று முதலில் சொல்லிவிட்டால் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். மர ஆய்வாளரும் அப்படித்தான். தூண் இன்ன ஆண்டு வெட்டியது என்று சொல்லும்வரை அவர் தன் எல்லைக்குள் நிற்கிறார். ஆகவே கோயில் இவ்வளவுதான் என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டார்.

நினைவுச் சின்னங்களைக் காக்க வல்லுநர்கள் வகுத்த 1964இன் வெனிஸ் சாசனம் பழைய பொருளை அப்படியே காப்பதையே பெரிதாகப் பேசியது. ஜப்பான் 1992இல் உலகப் பாரம்பரிய உடன்படிக்கையில் சேர்ந்து, அடுத்த ஆண்டே ஹோர்யூஜி பட்டியலில் ஏறியபோது, அடிக்கடி பிரித்துக் கட்டும் மரக் கோயில்களை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி வந்தது. 1994 நவம்பரில் நாரா நகரில் கூடிய வல்லுநர்கள், உண்மைத்தன்மையை ஒவ்வொரு பண்பாட்டின் சூழலுக்குள் வைத்தே மதிப்பிட வேண்டும் என்று ஓர் ஆவணம் எழுதினார்கள். அதைக் கிழக்குக்குக் கிடைத்த விதிவிலக்கு என்று படித்தவர்கள் பலர். கால் நூற்றாண்டு கழித்து, 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் மரக்கூரை எரிந்தது. 12, 13ஆம் நூற்றாண்டு ஓக் உத்தரங்கள் கரியாகின. பிரெஞ்சுக்காரர்கள் இரும்போ கான்கிரீட்டோ தேடாமல், புதிதாக வெட்டிய பச்சை ஓக் மரங்களைக் கோடாலியால் செதுக்கி, பழைய வடிவத்திலேயே கூரையை எழுப்பினார்கள். 2024 டிசம்பரில் கோயில் திறந்தது. எரிந்த துண்டுகள் விஞ்ஞானிகளிடம் போயின. அவற்றின் வளையங்களில் இடைக்காலத்துத் தட்பவெப்பத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். புது மரம் வழிபாட்டுக்கு, பழைய மரம் படிப்புக்கு. இசேயும் ஹோர்யூஜியும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டது போல.

தெய்வமே மரமாக இருந்தால்? புரி ஜகந்நாதர் வேப்பமரத்தில் குடிகொண்டவர். நவகளேபரம் என்ற சடங்கில் திருமேனியைப் புதிதாகச் செய்வார்கள்; கடைசியாக 2015இல் நடந்தது. உள்ளே உறைவதாக நம்பும் பிரம்மப் பொருளைப் பழைய மேனியிலிருந்து புதியதற்கு மாற்றும் இரவில், அதை மாற்றும் அர்ச்சகரின் கண்ணைக் கட்டி, கைகளையும் துணியால் சுற்றிவிடுவார்கள். பழைய மேனி மண்ணுக்குள் போய்விடும். காஞ்சிபுரத்தில் 2019இல் 48 நாள் காட்சி தந்த அத்தி வரதர் மீண்டும் குளத்துக்குள் இருக்கிறார். இந்த மேனிகளில் துளையிட்டு வயது பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் கிடைக்கும் பதில் தெரிந்ததே. அந்தப் பதிலில் நியாயமும் உண்டு. தெரிந்துகொள்ளும் ஆசை எல்லாக் கதவையும் திறக்க உரிமை தருவதில்லை.

ஆனால் மறுப்பு ஒன்றுதான் பக்தியின் வழி என்பதுமில்லை. 1920களின் இறுதியில் அரிசோனாவின் ஒராய்பி என்ற ஹோப்பி மக்களின் ஊரில் டக்ளஸின் ஆட்கள் உத்தரங்களில் துளைபோட வேண்டியிருந்தது. தலைமுறைகள் வாழ்ந்துகொண்டிருந்த வீடுகள் அவை. அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு நீலப் பச்சைக் கல்லை இட்டு மூடினார்கள், சிதைவின் ஆவி உள்ளே புகுந்துவிடாமல் இருக்க. விஞ்ஞானத்துக்குத் தன் மாதிரி கிடைத்தது. மரத்துக்குச் செய்ய வேண்டியதும் செய்தாகிவிட்டது. யாரும் யாரையும் மூடர் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

நம் ஊரில் கோயில் என்றால் கல். காலம் கேட்டால் கல்வெட்டு பேசும். வளையத்துக்கு வேலையில்லை என்று தோன்றும். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதுமில்லை. தேக்கு அதற்கு விலக்கு. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் கேரளத் தேக்கின் வளையங்களைக் கொண்டு பழங்காலப் பருவமழையைக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் கோயில் கதவுகளிலும் நிலைகளிலும் தேர்களிலும் தேக்கு இருக்கிறது. திருப்பணியில் புதுக் கதவு வந்ததும் பழையது ஏலத்துக்கோ அடுப்புக்கோ போய்விடுவதுண்டு. திருப்பணிக் குழுவில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழைய தேக்கைக் கழிக்கும் முன் வெளிவிளிம்போடு ஒரு துண்டை அறுத்து, எந்தக் கதவில் எந்தப் பக்கம் இருந்தது, எந்த நாளில் எடுத்தது என்று எழுதி, ஈரம் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதி இருந்தால் அதைச் செதுக்கிவிடாதீர்கள்.